நிழல் யாருக்குச் சொந்தம்? ரோஹிங்யா மக்களின் புகைப்படங்களும் ‘ஆறுதல்’ என்னும் சொல்லும்

2018 ஜூலையில் மியான்மர் இராணுவம் நூல் ஒன்றை வெளியிட்டது. ரோஹிங்யா முஸ்லிம்கள் அராக்கான் மண்ணுக்கு உரியவர்கள் அல்லர், வங்காளத்திலிருந்து ஊடுருவியவர்கள் என்று நிறுவுவதே 117 பக்கங்கள் கொண்ட அந்நூலின் நோக்கம். வெளியிட்ட துறையின் பெயரையும் சொல்லிவிட வேண்டும்: மக்கள் தொடர்பு மற்றும் உளவியல் போர்த் துறை. வரலாற்றுச் சான்றுகள் என்ற பெயரில் அதில் சில பழைய படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் உண்மையை வெளியிட்டது. உள்ளூர் மக்களை ‘வங்காளிகள்’ கொடூரமாகக் கொன்ற காட்சி என்று காட்டப்பட்ட படம், 1971இல் டாக்காவில் கொல்லப்பட்ட வங்காளிகளின் சடலங்கள் மீட்கப்பட்டபோது எடுக்கப்பட்டது. மலைப்பாதை வழியே ஊடுருவுவோர் என்று காட்டப்பட்டவர்கள், 1996இல் தான்சானியாவில் நடந்துகொண்டிருந்த ருவாண்டா அகதிகள். வண்ணப்படமாக இருந்து புலிட்சர் பரிசு பெற்ற அது கறுப்பு வெள்ளையாக்கப்பட்டுப் பழமை பூசப்பட்டிருந்தது. மூன்றாவது படம் 2015இல் மியான்மரை விட்டுப் படகில் வெளியேற முயன்று பிடிபட்டவர்களைப் பற்றியது. அது இடம் வலமாகத் திருப்பப்பட்டு, நீர்வழியே நாட்டுக்குள் நுழைபவர்களின் படமாக மாறியிருந்தது. செப்டம்பரில் இராணுவம் தன் நாளிதழில், இரண்டு படங்கள் தவறாக அச்சாகிவிட்டன என்று வருத்தம் தெரிவித்து முடித்துக்கொண்டது.

இந்த மூன்று படங்களையும் எடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. படத்துக்கு அடியில் எழுதப்பட்ட வரிதான் பொய் சொன்னது. ஒரு மக்கள் கூட்டத்தின் இருப்பையே அப்படிப்பட்ட ஒற்றை வரியால் அழித்துவிட முடியும் என்று ஓர் அரசு நம்புகிறபோது, புகைப்படம் பற்றிய விவாதம் அழகியலோடு நின்றுவிட முடியாது. ரோஹிங்யா அகதி முகாம்களில் அண்மைக் காலத்தில் வளர்ந்துவரும் பங்கேற்புப் புகைப்படக்கலையை நாம் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது. விளிம்புநிலை மக்களிடம் கேமராவைக் கொடுத்தால் அவர்களின் காயம் ஆறும் என்பது இன்று தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் கூற்று. அக்கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

ரோஹிங்யாக்களுக்குப் புகைப்படம் முதலில் அறிமுகமானது காவலின் கருவியாகத்தான் என்றால் அது மிகையாகாது. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, ராக்கைன் மாநிலத்தில் குடும்பப் பட்டியல் சரிபார்ப்பு என்னும் சடங்கு தொடர்ந்து நடந்தது. அதிகாரிகள் வருவார்கள். வீட்டார் அனைவரும் வரிசையாக நிற்க வேண்டும். விவரங்கள் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவரின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படலாம். அடிக்கப்பட்டவர் திரும்பி வர இயலாது. அந்தப் படங்களில் எவரும் சிரிப்பதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. 2017இல் கிராமங்கள் எரிந்தபோது, மக்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய சொற்பப் பொருள்களில் இந்தப் பட்டியல்களும் படங்களும் இருந்தன. ஒடுக்கியவன் எடுத்த படமே தாங்கள் அந்த மண்ணில் இருந்ததற்கான சான்றாயிற்று. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கிரெக் கான்ஸ்டன்டைன் இத்தகைய ஆவணங்களையும் குடும்பப் படங்களையும் ரோஹிங்யா மக்களிடமிருந்து திரட்டி ‘ஏக் காலே’ என்ற தலைப்பில் தொகுத்திருக்கிறார். ரோஹிங்யா மொழியில் அதற்கு ‘ஒரு காலத்தில்’ என்று பொருள். நாம் வழங்கும் ‘காலம்’ அங்கும் ஒலிக்கிறது. புதிதாக எடுக்கப்பட்ட எந்தப் படத்தையும் விட இந்தப் பழைய படங்கள் வலிமையானவை என்பது நமது எண்ணம். காரணம் எளியது. படத்தை எடுத்தவர் வேறொருவராக இருந்தாலும், அது யாருடைய படம், அதில் நிற்பவர் யார், என்ன தொழில் செய்தார் என்று இப்போது சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்தார். கேமரா கைமாறாமலேயே படத்தின் மீதான உரிமை கைமாறியிருக்கிறது. பங்கேற்பு என்பது கேமராவை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி மட்டுமன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

2017 ஆகஸ்ட் 25க்குப் பின் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் நாஃப் ஆற்றையும் வயல் வரப்புகளையும் கடந்து வங்காளதேசம் சேர்ந்தபோது, உலகின் கேமராக்கள் அனைத்தும் காக்ஸ் பஜாரில் இருந்தன. ராய்ட்டர்ஸ் படக்குழுவினருக்கு அந்தப் படங்களுக்காக 2018இல் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. அப்படங்களைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். அவை இல்லையெனில் உலகம் இன்னும் சோம்பலாக இருந்திருக்கும். ஆனால் அவற்றில் நாம் கண்டது சேற்றில் சரிந்த மூதாட்டியையும் இறந்த சிசுவை ஏந்திய தாயையும்தான். அவர்களுக்கு மொழி இருக்கிறது, தராணா என்னும் பாடல்மரபு இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, உறவினரோடு பங்காளிச் சண்டை இருக்கிறது என்பதற்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லை. துயரம் மட்டுமே உள்ள மனிதர் என்று எவரும் இல்லை. அப்படிக் காட்டப்படும் மனிதருக்கு உதவி கிடைக்கும், மரியாதை கிடைக்காது.

பாதிக்கப்பட்டோர் தாமே எடுக்கும் படம் என்ற முறை பிறந்த இடம் சீனாவின் யுன்னான் மாகாணம். 1992இல் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவர் அங்கே 62 கிராமப்புறப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்துத் தம் வாழ்வையும் உடல்நலத்தையும் பதிவு செய்யச் சொன்னார்கள். பின்னாளில் ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர் பெற்ற அம்முறைக்குப் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் சிந்தனையும் பெண்ணியமும் ஆவணப் புகைப்பட மரபும் மூலங்களாக அமைந்தன. இம்முறையில் படம் எடுப்பது பாதி வேலைதான். எடுத்தவர்கள் வட்டமாக அமர்ந்து, இங்கே தெரிவது என்ன, உண்மையில் நடப்பது என்ன, இதற்கும் நம் வாழ்வுக்கும் தொடர்பு என்ன, இந்நிலை ஏன் இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று கேட்டுப் பேசுவது மறுபாதி. முறை உலகெங்கும் பரவியபோது முதல் பாதி பரவிய வேகத்தில் மறுபாதி பரவவில்லை. வட்டமாக அமர்ந்து பேசியதைக் கண்காட்சிச் சுவரில் மாட்ட முடியாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். கொல்கத்தா சோனாகாச்சிப் பகுதிக் குழந்தைகளிடம் கேமரா கொடுத்ததைப் பற்றிய 2004ஆம் ஆண்டு ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. அதே பகுதியில் பாலியல் தொழிலாளர்கள் தாமே நடத்திவந்த அமைப்போ அதைக் கடுமையாக விமர்சித்தது. கேமராவோடு வந்தவரே கதாநாயகராகிவிடுவது இம்முறைக்கு உரிய நோய்.

காக்ஸ் பஜார் முகாம்களில் நடந்தது இதிலிருந்து ஓரளவு மாறுபட்டது. அங்கே கேமராவை யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இளைஞர்களின் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. ஆனால் அகதிகள் சிம் அட்டை வைத்திருக்க அப்போது தடை இருந்தது; 2019 செப்டம்பர் முதல் 2020 ஆகஸ்ட் வரை முகாம்களில் அதிவேக இணையமும் முடக்கப்பட்டிருந்தது. இத்தடைகளுக்கு நடுவேதான் அவர்கள் படம் எடுத்தார்கள். 2021 மார்ச் 22 அன்று பாலுகாலி முகாமில் பற்றிய தீயில் குறைந்தது 15 பேர் மாண்டு, ஏறத்தாழ 45,000 பேர் குடிசை இழந்தபோது, முகாமைச் சுற்றியிருந்த முள்வேலி தப்பி ஓடுவதைத் தடுத்தது என்பதை உள்ளிருந்தே சொன்னவர்கள் அம்மக்கள்தாம். முகாம்வாசியான சாஹத் ஜியா ஹீரோ 2021இல் ‘ரோஹிங்யாடோகிராஃபி’ என்ற படநூலைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ‘ரோஹிங்யாடோகிராஃபர்’ என்ற இதழைத் தோழர்களோடு தொடங்கினார். 2023இல் ஐ.நா. அகதிகள் முகமையின் நான்சென் விருது, ஆசிய பசிபிக் பகுதிக்காக அவருக்கும் ரோஹிங்யாக் கதைசொல்லிகள் வேறு மூவருக்கும் கூட்டாக அளிக்கப்பட்டது.

இப்படங்களைப் புகழ்ந்து மட்டும் விட்டுவிடுவது அவற்றுக்குச் செய்யும் அநீதி. எல்லாமே நல்ல படங்கள் அல்ல. மாலைச் சூரியனுக்கு எதிரே கறுப்பு உருவமாக நிற்கும் சிறுவன், மழைத்துளியின் பின்னே குழந்தை முகம் போன்றவை செய்தி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் பழக்கிவிட்ட இரவல் கண்ணால் எடுக்கப்பட்டவை. பரிசும் பாராட்டும் எந்த வகைப் படத்துக்குக் கிடைக்கின்றன என்பதை இளைஞர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆனால் வேறு வகைப் படங்களும் உண்டு. சமைக்கும் பெண்ணின் கைகள், மூங்கில் சுமக்கும் தோள், கேமராவை நேராகப் பார்த்து நிற்கும் கிழவர். இந்த நேர்ப்பார்வை கவனிக்கத் தக்கது. அதிகாரி எடுத்த குடும்பப் பட்டியல் படத்திலும் அவர்கள் நேராகத்தான் பார்த்தார்கள். அங்கே பார்க்குமாறு கட்டளையிடப்பட்டது. இங்கே எதிரில் நிற்பவர் தெரிந்த பையன், பக்கத்துக் குடிசைக்காரன். முகத்தின் தசைகள் தளர்ந்திருக்கின்றன. வெளியூர்க் கேமராவுக்கு எத்தனை திறமை இருந்தாலும் கிடைக்காதது இந்தத் தளர்வு.

பெண்களின் படம் என்று வரும்போது விஷயம் சிக்கலாகிறது. தஸ்வீர் பற்றிய பழைய விவாதம் நம் வாசகர்கள் அறிந்ததே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைத்தலன்று, இருக்கும் நிழலைப் பிடித்து வைத்தலே என்று கூறி அதை அனுமதித்துத் தனி நூலே எழுதினார். அந்த வாதத்தை ஏற்றவர்களிடமும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: பிடித்து வைக்கப்பட்ட நிழல் அதன் பிறகு யாருடையது? பர்தாவைப் பேணும் ரோஹிங்யாப் பெண் தன் முகம் காட்டப்படக் கூடாது என்று சொல்வதைப் பின்தங்கிய மனநிலை என்று கருதும் பயிற்சியாளர்கள், அவளுடைய முதல் முடிவையே மறுத்துவிடுகிறார்கள். முகத்தைத் தவிர்த்துக் கைகளையும் துணியையும் பாத்திரத்தையும் படமாக்கும் பெண், தன்னை எவ்வளவு காட்டுவது என்பதைத் தானே தீர்மானிக்கிறாள். எடுக்காமல் விடுவதும் இக்கலையில் ஒரு பங்கேற்புத்தான்.

இனி ‘ஆறுதல்’ என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் இச்சொல் இருவகையாக நடக்கிறது. பிறர் வந்து சொல்வது ஓர் ஆறுதல். புண் தானாக உள்ளிருந்து மூடிக்கொள்வது இன்னோர் ஆறுதல். முன்னது சொல்பவரின் செயல். பின்னது காயப்பட்ட உடலின் செயல். பங்கேற்புத் திட்டங்களின் அறிக்கைகள் பின்னதைச் சொல்வதாகத் தொடங்கிப் பெரும்பாலும் முன்னதில் முடிகின்றன. கண்காட்சிக்கு வந்தவர்கள் கலங்கினார்கள், நெகிழ்ந்தார்கள் என்று எழுதப்படுகிறது. ஆறுதல் அடைந்தவர் யார் என்று பார்த்தால், பார்வையாளர்.

முகாம்களில் மொழிப்பணி செய்தவர்கள் கவனித்த ஒன்று நமக்கு உதவும். மனநலம் என்று மொழிபெயர்த்தால் ரோஹிங்யா மக்கள் அதைப் பைத்தியத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். தம் துன்பத்தைச் சொல்ல அவர்களிடம் வேறு சொற்கள் உள்ளன: ‘சிந்தா’ என்பார்கள், ‘ஓஷாந்தி’ என்பார்கள். சாந்தி இல்லாமை. நோய் என்று தனி ஒருவருக்குள் அடக்கிவிட முடியாத சொல் அது. வேலி இருக்கும்வரை, நாளை எங்கே என்று தெரியாதவரை, சாந்தி எப்படி வரும்?

எல் சால்வடோர் நாட்டு உளவியலாளர் இக்னாசியோ மார்த்தின்-பாரோ ஏறத்தாழ இதையேதான் வேறு மொழியில் சொல்லிவந்தார். போர் ஏற்படுத்தும் காயம் தனிமனித மூளைக்குள் இருப்பதன்று, மனிதர்களுக்கு இடையிலான உறவில் இருப்பது என்பது அவர் வாதம். 1989 நவம்பர் 16 அன்று இராணுவம் அவரைச் சக துறவியரோடு சுட்டுக் கொன்றது. அவருடைய சிந்தனைவழி வந்த பிரின்டன் லைக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், குவாத்தமாலாவின் சஹூல் ஊரில் மாயா இஷில் பெண்களோடு 1990களில் செய்த பணியை, ரோஹிங்யாப் படங்களைப் பேசும் எவரும் அறிந்திருக்க வேண்டும்.

1960இல் தொடங்கி 1996இல் முடிந்த குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா பழங்குடியினர். இஷில் பகுதி உட்பட நான்கு பகுதிகளில் இனஅழிப்புச் செயல்கள் நடந்தன என்று 1999இல் உண்மை அறியும் ஆணையம் அறிவித்தது. சஹூல் பெண்கள் தாமே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாவரைக்கும் ஆலை, குழந்தைகளுக்கான கல்வி என்று தொடங்கிய அவர்களில் 20 பேர் கேமராவை எடுத்தார்கள். கத்தோலிக்கர், புதிய சுவிசேஷச் சபைகளைச் சேர்ந்தவர், முன்னோர் மரபைப் பேணுபவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். போரின்போது மலைக்காட்டுக்கு ஓடியவர்களும் இராணுவக் கட்டுப்பாட்டில் ஊரிலேயே கிடந்தவர்களும் அதே சமூகத்தினர். ஒருவரை ஒருவர் ஐயுற்று வாழப் பழக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய்ப் படம் எடுத்தார்கள், பிற பெண்களைப் பேட்டி கண்டார்கள், திரும்பி வந்து குழுவாக அமர்ந்து ஒவ்வொரு படத்துக்கும் சேர்ந்து உரை எழுதினார்கள். 2000இல் வெளிவந்த ‘குரல்களும் படங்களும்’ நூலின் ஆசிரியர்களாக அச்சங்கத்துப் பெண்களின் பெயரும் நிற்கிறது.

அங்கே காயம் ஆறத் தொடங்கியது படத்தால் என்று சொல்வதை விட, படத்தைச் சாக்காக வைத்து ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாசலுக்குப் போக முடிந்ததால் என்று சொல்வதே பொருந்தும். அத்துடன் அது நீதியிலிருந்து பிரிந்த ஆறுதலாகவும் இருக்கவில்லை. 2013 மே 10 அன்று முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மொந்த் இஷில் மக்களின் இனஅழிப்புக்காகத் தண்டிக்கப்பட்டபோது, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களில் இஷில் பெண்களும் இருந்தார்கள். பத்தே நாளில் அரசமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மறுவிசாரணை முடியுமுன் 2018இல் அவர் இறந்தார். சொல்லப்பட்ட சாட்சியத்தை எவரும் நீக்க முடியவில்லை.

இந்த அளவுகோலை முகாமுக்குக் கொண்டுபோனால் குறை தெரிகிறது. சஹூல் பெண்கள் காயப்பட்ட மண்ணிலேயே, தம் ஊரிலேயே இருந்து பேசினார்கள். போர் முடிந்திருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களுக்குப் போர் முடியவில்லை, ஊரும் இல்லை. 2023 மார்ச்சில் உலக உணவுத் திட்டம் நிதியில்லை என்று ஆளொன்றுக்கான மாத உணவுப்படியை 12 டாலரிலிருந்து பத்தாகவும், ஜூனில் எட்டாகவும் குறைத்தது. பசிக்கும் வயிற்றோடு மனக்காயம் ஆறுவதைப் பற்றி முகாமுக்குள் எவரும் பேசத் துணியமாட்டார்கள்; அந்தப் பேச்சு வெளியேதான் நடக்கிறது. கொல்லப்பட்டோரின் பெயர்களைக் குடிசை குடிசையாகச் சென்று பட்டியலிட்ட முஹிபுல்லாஹ் 2021 செப்டம்பர் 29 அன்று முகாமுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சியம் சொல்வது அங்கே சிகிச்சையன்று, ஆபத்து.

ஒப்புதல் என்ற பிரச்சினை இதைவிடக் கூர்மையானது. பதிவின்போது எடுக்கப்பட்ட அகதிகளின் விவரங்கள் வங்காளதேச அரசு வழியாக மியான்மர் அரசுக்கே போய்ச் சேர்ந்தன என்று 2021 ஜூனில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் குற்றம் சாட்டியது. குறைந்தது 8,30,000 பேரின் பெயர்கள், அவர்களின் உடலடையாளத் தரவுகளுடன். ஒப்புதல் பெற்றே செய்யப்பட்டது என்று ஐ.நா. அகதிகள் முகமை மறுத்தது. உணவு அட்டைக்காக வரிசையில் நிற்பவரிடம் கேட்கப்படும் ஒப்புதலின் மதிப்பு என்ன என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். எவரிடமிருந்து ஓடிவந்தார்களோ அவரிடமே தம் அடையாளம் திரும்பிப் போயிற்று என்று அறிந்த மக்கள், இன்னொரு கேமராவின் முன் நிற்பதற்கு முன் பத்து முறை யோசித்தால் அது நியாயம். ஆகவே முகாமில் நடக்கும் எந்தப் புகைப்படப் பயிற்சியும் முதலில் கற்றுத்தர வேண்டியது ஒளி அமைப்பையன்று. எடுத்த படத்தை அழிக்கவும், கொடுத்த படத்தைத் திரும்பக் கேட்கவும், தன் பெயரைப் போடச் சொல்லவும் போட வேண்டாம் எனவும் உள்ள உரிமையை.

ரோஹிங்யா இளைஞர்களின் இதழும் படநூலும் இவ்விஷயத்தில் பெரும்பாலான தொண்டு நிறுவன வெளியீடுகளை விட முன்னே நிற்கின்றன. தேர்வு அவர்களுடையது, பெயர் அவர்களுடையது. ஆனால் படத்துக்கு அடியில் உள்ள வரி? அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. உலகம் படிக்க வேண்டும் என்பதால் அதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் படம் எடுத்தவரின் தாயால் அந்த வரியைப் படிக்க முடியாது. 1980களில் மௌலானா முஹம்மத் ஹனீஃப் உருவாக்கிய ஹனீஃபி எழுத்து 2018இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டது; அதை அறிந்தவர்கள் இன்னும் சிலரே. பெரும்பான்மையோருக்கு அவர்களின் மொழி எழுத்தாக இல்லை, குரலாகவே இருக்கிறது. கைபேசியில் படமெடுக்கும் அதே கருவி குரலையும் பதிகிறது. அடுத்த தொகுப்பில் ஒவ்வொரு படத்தோடும் அதில் இருப்பவர் தம் மொழியில் பேசிய இரண்டு நிமிடங்கள் சேருமானால், முதலில் முகாமுக்குள், தேநீர்க் கடையிலும் மக்தப் வாசலிலும், அதைக் கேட்க ஆட்கள் இருப்பார்கள். ஆங்கில வரி அதன் பிறகு வரலாம்.